உடைந்ததா, உடைத்தார்களா?

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ரீச்சர் 'தன்வினை, பிறவினை' என்று எழுதியபோது கொட்டாவி விட்டவர்கள் கையைத் தூக்குங்கள். கண்ணாடி உடைந்தது: தன்வினை. கண்ணாடியை உடைத்தான்: பிறவினை. முதல் வசனத்தில் கண்ணாடி மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவதில் ஓர் ஆள் வந்துவிடுகிறான்.

இந்த வித்தியாசத்தை நன்றாகப் பயன்படுத்துபவர்கள் மென்பொருள் நிறுவனங்கள். விண்டோஸ் கொம்பியூட்டர் திடீரென்று நின்றுவிட்டால் திரை என்ன சொல்கிறது? உங்கள் கருவி ஒரு பிரச்சினையில் மாட்டிக்கொண்டது, மீண்டும் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். கருவி உங்களுடையது. பிரச்சினைதான் யாருடையது என்று தெரியாது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது கூடவே ஒரு சோக முகத்தையும் வைத்தார்கள். காரணம் கேட்டால் அனுதாபம் தந்தார்கள்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. லண்டன் நேரம் அதிகாலை 5.09க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் பிழையான ஒரு கோப்பை உலகம் முழுக்க அனுப்பியது. 6.27க்கு அதை நிறுத்திவிட்டது. அந்த 78 நிமிடங்களில் அகப்பட்டவை சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கருவிகள். ஸ்கை நியூஸ் அன்று காலை நேரலையில் வர முடியவில்லை. ஜீபிக்கள் பயன்படுத்தும் எமிஸ் முடங்கியதால் நோயாளர் பதிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் திறக்க முடியவில்லை. நீலத் திரையின் அடியில், சின்ன எழுத்தில், 'சிஎஸ்ஏஜென்ட்' என்று ஒரு கோப்பின் பெயர் இருந்தது. அந்தத் துறையில் வேலை செய்பவருக்கு அது துப்பு. ரிசெப்ஷனில் இருந்தவருக்கு அது வெறும் கிறுக்கல்.

"சாதாரண மக்களுக்கு விவரம் சொன்னால் பயந்துவிடுவார்கள்" என்பார்கள். தொண்ணூறுகளில் திரை நிறைய எண்களைக் கொட்டியதும் யாருக்கும் உதவவில்லை, உண்மைதான். கோப்புகள் பழுதாகாமல் காக்கவே விண்டோஸ் தானாக நிற்கிறது என்பதும் சரி. ஆனால் எண் மழைக்கும் சோக முகத்துக்கும் நடுவில் தெளிவான மொழி என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸின் அடியில் இயங்கும் ட்ரைவர்கள் வழக்கமாக டிஜிட்டல் கையொப்பத்தோடுதான் வருகின்றன. யாருடையது என்று இயந்திரத்துக்குத் தெரியும். நமக்குச் சொல்வதில்லை.

2025இல் நீலத்தைக் கறுப்பாக்கினார்கள், சோக முகத்தை எடுத்தார்கள். நல்லது. ஆனால் "உங்கள் கருவி மாட்டிக்கொண்டது" என்ற வசனம் அப்படியே இருக்கிறது.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? இந்த நாட்டின் போஸ்ட் ஒபிஸ் கதையை யோசியுங்கள். அங்கே எதுவும் நின்றுபோகவில்லை. ஹொரைசன் மென்பொருள் ஓடிக்கொண்டே பிழையான கணக்கைக் காட்டியது. கவுண்டரில் நின்றவருக்கு அந்தப் பிழையைப் பார்க்க வழி இருக்கவில்லை. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் தெற்காசியக் குடும்பங்களிலிருந்து வந்து கடை நடத்தியவர்கள். இயந்திரம் தன் தவறைச் சொல்லாவிட்டால், பழி அதன் முன்னால் நிற்பவர் தலையில்தான் விழும்.

நான் கேட்பது மூன்று வரி. எந்த நிறுவனத்தின் எந்த மென்பொருள் தவறியது? என் கோப்புகளுக்கு ஆபத்து உண்டா? அடுத்து நான் என்ன செய்யலாம்? இதை அம்மம்மாவுக்கும் விளங்கும் மொழியில், அவரது மொழியிலேயே, எழுதுங்கள்.

அதுவரை, வீட்டில் கொம்பியூட்டர் நின்றால் "நீங்கள் எதை அமத்தினீங்கள்?" என்று அம்மாவைக் கேட்காதீர்கள். திரையைப் போனில் படம் எடுங்கள். மீண்டும் தொடங்கியதும் தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் அடித்து வரலாற்றைத் திறந்தால், சிவப்புக் குறிக்குக் கீழே அன்று தவறியது எது என்று சில வேளைகளில் இருக்கும். அந்தப் பெயரை அம்மாவிடம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். பிறவினையில்.