இருக்கலாம் என்றீர்களே!

போதும். வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

நான் சைப்ரஸ் தீவின் கார்பாஸ் முனையில், ரிசோகார்பாசோவில் வாழும் கிரேக்கப் பெண். 1974-ல் துருக்கிப் படை வந்திறங்கியபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட எங்கள் சனம் வீடுவாசலை விட்டுத் தெற்கே ஓடியது. ஓட முடியாமல், ஓட மனமில்லாமல் வடக்கில் சுமார் 20,000 பேர் தங்கிவிட்டோம். இன்றைக்கு நாங்கள் சில நூறு பேர். மற்றவர்கள் எங்கே? ஒரே ராத்திரியில் விரட்டியிருந்தால் உலகம் திரும்பிப் பார்த்திருக்கும். எங்களை வீடு வீடாக, பிள்ளை பிள்ளையாக அல்லவா உருவி எடுத்தார்கள்!

1975 ஆகஸ்ட் 2. வியன்னாவில் இரு தரப்புத் தலைவர்களும் ஐ.நா. முன்னிலையில் ஒத்துக்கொண்டார்கள். வடக்கில் இருக்கிற கிரேக்கர்கள் விரும்பினால் அங்கேயே இருக்கலாம். படிப்பு, கோயில், வைத்தியம், நடமாட்டம் எதற்கும் தடையில்லை. தெற்கில் இருக்கிற துருக்கிச் சனம் வடக்கே போகலாம். அவர்கள் போனார்கள், ஐ.நா.வே துணை நின்று அனுப்பியது. அந்தப் பாதி நிறைவேறியது. எங்கள் பாதி?

எங்களுக்கு மிஞ்சியது ஒரு தொடக்கப்பள்ளி. அங்கே வரும் பாடப்புத்தகத்துக்கும் தணிக்கை. அதற்கு மேல் படிக்க 2004 வரை உயர்நிலைப்பள்ளி கிடையாது. மகனைத் தற்குறியாக வைத்திருப்பதா, தெற்கே அனுப்புவதா? அனுப்பினேன். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பையைக் கவிழ்த்து, நான் மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினான். என் மகன் அழவில்லை. கீழே கிடந்ததை எடுத்து அவனே திரும்ப மடித்தான். 12 வயது.

அதற்குப் பிறகு ஒரு சட்டம் காத்திருந்தது. பையனுக்கு 16, பெண்ணுக்கு 18 வயது ஆகிவிட்டால் ஊர் திரும்பி வாழக்கூடாது! யார் பெற்ற பிள்ளைக்கு யார் வயது குறிப்பது? பெற்றவள் இங்கே, பிள்ளை அங்கே. பிள்ளை வேண்டுமென்றால் நீயும் கிளம்பு. இதற்குப் பெயர் விருப்பமா? எத்தனை தாய்மார்கள் அப்படி வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள்! போன வீட்டில் துருக்கியின் அனதோலியாவிலிருந்து கொண்டுவந்த குடும்பம் அடுப்பு மூட்டியது.

என் புருஷன் செத்தார். மகனை வரவிடவில்லை. நானும் நாலு கிழவிகளும்தான் கூட நின்றோம். கார்பாஸ் முழுமைக்கும் ஒரே பாதிரியார். அவர் வரும்வரை காத்திருந்தோம். அதையும் தாங்கிக்கொண்டேன். ஆனால் என் புருஷனுடைய புகையிலை நிலம்? வாரிசு தெற்கில் இருக்கிறான், அவனுக்குச் சொத்து சேராது என்றார்கள். வரவிடாமல் தடுத்தவர்களே, வாரிசு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்! இது என்ன நியாயம்?

துருக்கித் தாய்மாரே, 1963-ல் உங்கள் சனம் பட்ட பாடு எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் செய்த அக்கிரமம் அது, மறைக்க மாட்டேன். ஏதென்ஸ் ராணுவக் கும்பல் இங்கே ஆட்சியைக் கவிழ்த்து உங்கள் படைக்கு வழி திறந்துவிட்டதும் தெரியும். அதற்கெல்லாம் 74-ல் தவழ்ந்துகொண்டிருந்த என் பையனா பொறுப்பு?

2001-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் துருக்கியைக் குற்றவாளி என்றது. படிப்பு, சொத்து, குடும்ப வாழ்க்கை என்று நாங்கள் பட்டதெல்லாம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 2014-ல் 9 கோடி யூரோ இழப்பீடு என்றது. அதில் 6 கோடி கார்பாஸில் அடைபட்டுக் கிடந்த எங்களுக்கு. கொடுக்க முடியாது என்று அங்காரா பகிரங்கமாகச் சொன்னது. சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. பணமா கேட்டேன் நான்? என் மகனுடைய இருபது வயதை, முப்பது வயதை எந்தக் கஜானாவிலிருந்து எண்ணித் தருவீர்கள்?

2003-ல் வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே இருந்த தடையைத் திறந்தார்கள். இப்போது வருகிறான், பிறந்த ஊருக்குள் நுழைய அடையாளச் சீட்டை நீட்டிவிட்டு. அப்பனுடைய நிலத்தை அடுத்தவன் உழுகிறான். இவன் வரப்பில் நின்று பார்க்கிறான். ஐரோப்பாவே, தீர்ப்பு எழுதினாயே, அதை அமல்படுத்த யார் வரப்போகிறார்கள்? ஐ.நா.வே, வாரந்தோறும் மாவும் பருப்பும் ஏற்றி வந்தாயே, வியன்னாவில் ஒத்துக்கொண்டதை ஏன் கேட்கவில்லை? நாளைக்கு நான் கண்ணை மூடினால் இந்த வீட்டுக்கும் வாரிசு இல்லை என்றுதான் எழுதுவார்களா? இருக்கிறானே! என் பிள்ளை உயிரோடு இருக்கிறானே!