வாசற்படி ஜோசியம்

நம் கடலோர ஜில்லாவைச் சேர்ந்த அஞ்சுகிராமத்தில் அண்மையில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு அடுத்த இலையில் அமர்ந்திருந்த பள்ளித் தாளாளர் ஒருவர், அவியலைப் பிசைந்தபடியே, "அண்ணாச்சி, இத்தன வருசமா வாத்தியார் எடுக்கேன், ஆளு வாசப்படி ஏறும்போதே தேறுமா தேறாதான்னு சொல்லிப்பிடுவேன்" என்று அருளிச்செய்தார். எதிர்வரிசை முழுவதும் தலையாட்டி ஆமோதித்தது. எனக்கோ சோறு இறங்கவில்லை.

கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் பெற்று, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் அடுக்கிக்கொண்டு, காலை ஒன்பது மணி முதல் பசியோடு பெஞ்சில் காத்திருந்து, மணியடித்ததும் எழுந்து உள்ளே போகிற ஒரு பெண்ணிடம் இந்தத் திரிகாலஞானிகள் கேட்பவை எவை? எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன ஜோலி, கல்யாணம் எப்போ! தெருவைக் கேட்பது தபால் போடுவதற்கன்று என்பது நம் ஜில்லாவில் பால்மணம் மாறாத பிள்ளைக்கும் தெரியும். கையில் சாக்பீஸைக் கொடுத்து, ஓர் இருபடிச் சமன்பாட்டைப் பத்து நிமிஷம் நடத்திக்காட்டு என்று சொல்ல மட்டும் அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

ஸ்ரீநகரிலிருந்த மண்டலப் பொறியியற் கல்லூரியிலும் மாணவர் சேர்க்கையில் இதே வித்தைதான் நடந்தது. எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத்துக்கு 50; ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம்; பெற்றோர் யார், குடியிருப்பு எங்கே என்ற விசாரணை; எழுத்தில் பின்தங்கியவர்கள் சிலர் நேர்முகத்தில் விண்ணை எட்டினார்கள் என்பது மாணவர்களின் முறையீடு. அஜய் ஹாசியா வழக்கு என்று பெயர்பெற்ற அதில் 1980 நவம்பரில் நீதிபதி பகவதி எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மூன்றிலொரு பங்கை வாய்மொழிக்கு ஒதுக்குவது தான்தோன்றித்தனம், 15 சதவீதத்துக்கு மேல் போகலாகாது என்று வரையறுத்தது. ஸ்ரீநகரில் அந்த 50 மதிப்பெண்ணாவது காகிதத்தில் இருந்ததால் வழக்காட முடிந்தது. நம் தாளாளரிடம் மதிப்பெண்ணே கிடையாது, நூற்றுக்கு நூறும் வாசற்படிதான்! ஸ்ரீநகரில் மூன்று நிமிஷம் போதவில்லை என்றால், இவருக்கு மூன்று விநாடி எப்படிப் போதும்? ஒருவேளை கடற்காற்றின் விசேஷமோ?

அமெரிக்காவில் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரியில் 1979-இல், நேர்முகத்தில் கழித்துக்கட்டிய ஐம்பது பேரைப் பிற்பாடு அரசாங்கம் இடம் கூட்டியதால் வேறு வழியின்றிச் சேர்த்தார்கள். முதலில் பொறுக்கியெடுத்தவர்களுக்கு அவர்கள் படிப்பில் சற்றும் இளைத்தவர்களாக இருக்கவில்லை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நம் மத்திய அரசே 2016 ஜனவரி முதல் தன் கீழ்நிலை வேலைகளுக்கு நேர்முகமே வேண்டாமென்று தலைமுழுகிவிட்டது.

பெண் பார்க்கப் போய், பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே குனிந்த தலையை வைத்துக் குணத்தை நிர்ணயித்துப் பழகிய கண்கள்தாம் நம் தாளாளர்களுடையவை. வேலை கொடுத்த பிறகு அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டிக்கொள்ளும் சில ஸ்தாபனங்களின் யோக்கியதை வேறு இருக்கிறது. ஆளை அளக்கும் திருஷ்டி அவ்வளவு கூர்மையானதென்றால், அந்த ஆள் ஓடிப்போவான் என்ற பயம் எதற்கு? "தகவல் சொல்லி அனுப்புவோம்" என்று அனுப்பிவிட்டு, இல்லை என்ற ஒரு சொல்லைக்கூடச் சொல்லாத பெரிய மனிதத்தனத்தையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம்.

செய்ய வேண்டியது பிரம்மவித்தையன்று. வந்தவர் எல்லோரிடமும் ஒரே கேள்விகள். தேர்வாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளுமுன் தனித்தனியே மதிப்பெண். எந்த வேலைக்கு ஆளெடுக்கிறார்களோ அந்த வேலையிலேயே ஒரு துண்டைச் செய்யச் சொல்லிப் பார்ப்பது. நேர்முகங்களை ஒலிநாடாவில் பதிவு செய்யலாம் என்றுகூட அந்த 1980 தீர்ப்பு யோசனை சொல்லியிருந்தது. அன்று அதற்கு ஒரு யந்திரம் வாங்க வேண்டும். இன்று தாளாளரின் சட்டைப்பையிலேயே கைப்பேசி இருக்கிறது. அதைப் பதிவுக்குப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, எந்தத் தெரு என்று அவர் கேட்கட்டும் பார்ப்போம்.