மலை தானாக வந்தது, பாதை அப்படி வரவில்லை

நார்வேக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் குடும்பத்தோடு மலையேறக் கிளம்பிவிடுகிறார்கள் என்று பேச்சு வந்தால் போதும். "அவர்களுக்கென்ன, இயற்கை அள்ளிக் கொடுத்திருக்கிறது, எண்ணெய்ப் பணமும் கொட்டுகிறது" என்று யாராவது முடித்துவைத்துவிடுவார். இதில் பாதிதான் உண்மை. மலையைக் கொடுத்தது இயற்கைதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே பகலில் மூன்று நான்கு உச்சிகளைத் தொட்டுவிட்டு மாலையில் வீடு திரும்புகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் ஒரு சட்டமும் நூற்றைம்பது ஆண்டு உழைப்பும் இருக்கின்றன.

மேற்குக் கரையில் உள்ள பெர்கன் நகரம் இதற்கு நல்ல உதாரணம். ஊரைச் சுற்றி ஏழு மலைகள் என்பது கணக்கு. எந்த ஏழு என்பதில் உள்ளூர்க்காரர்களிடையே இன்னும் ஒற்றுமை இல்லை. வழக்கமான பட்டியலில் உயரமானது உல்ரிக்கன், 643 மீட்டர். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் ஊர் கடல்மட்டத்தில் இருப்பதால் நடந்து போகிறவர் அந்த உயரம் முழுவதையும் காலால்தான் கடக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஏழையும் ஒரே நாளில் ஏறி இறங்கும் நடைப்பயணம் நடக்கிறது. தூரம் சுமார் 35 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 2,000 மீட்டருக்கு மேல். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. சான்ட்விக்கன் பகுதியில் ஸ்டோல்ட்சக்லைவன் கற்படிகளில் மூச்சிரைக்க ஏறினால் சான்ட்விக்ஸ் மலை. அங்கிருந்து ருண்டமானன், பிறகு புளோமானன், கடைசியில் ஃப்ளோயன். 1918இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் அங்கே நிற்கிறது. கால் ஓய்ந்த குழந்தையை அதில் ஏற்றினால் சில நிமிடங்களில் ஊருக்குள் வந்துவிடலாம். பக்கத்திலேயே விளையாட்டுத் திடலும் உண்டு. அதைச் சொல்லித்தான் பல அப்பாக்கள் கடைசி இரண்டு கிலோமீட்டரை ஓட்டுகிறார்கள்.

ஃப்ளோயன் சரிவில் ஓங்கி நிற்கும் ஊசியிலை மரங்களைப் பார்க்கிறவர்கள் ஆதிகாலத்துக் காடு என்றே நினைப்பார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த மலைகள் மொட்டையாக இருந்தன. விறகுக்கு வெட்டியும் ஆடுமாடு மேய்த்தும் தீர்த்திருந்தார்கள். 1868இல் ஊர்க்காரர்கள் மரம் நடுவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, கன்று நட்டார்கள், பாதையும் வெட்டினார்கள். அதே ஆண்டில்தான் தலைநகரில் தோமாஸ் ஹெஃப்டியே என்ற வங்கியாளரின் முயற்சியில் நார்வே மலைநடைச் சங்கம் பிறந்தது. ஐம்பத்தைந்து லட்சம் பேர் வாழும் நாட்டில் இன்று அதற்கு மூன்று லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். பாறைகளில் சிவப்புச் சாயத்தால் 'டி' எழுத்தை வரைந்து வழி காட்டுவது பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள்.

கற்படிகளின் கதை இன்னும் சுவாரசியமானது. உல்ரிக்கன் மலையில் 1,333 படிகள். அவற்றைப் போட்டவர்கள் நேபாளத்து ஷெர்பாக்கள். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து கோடைதோறும் வந்து, கல்லோடு கல் பொருத்தி, நார்வே முழுவதும் மலைப்பாதை அமைத்துக்கொடுக்கிறார்கள். மலையேற்றத்தைத் தேசிய குணமாகக் கொண்டாடும் நாடு, பாதைக்குக் கை தேர்ந்த ஆட்களை இமயத்திலிருந்து வரவழைத்ததில் கேலிக்கு ஒன்றுமில்லை. ஆனால் 'நம் இயற்கை' என்று பெருமை பேசும்போது அந்தக் கைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாதை மட்டும் இருந்தால் போதுமா? அதில் கால் வைக்க உரிமை வேண்டுமே. 1957இல் வந்த திறந்தவெளிச் சட்டம் அதைத் தருகிறது. பயிரிடாத நிலம் யார் பெயரில் இருந்தாலும் எவரும் அதில் நடக்கலாம், உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கூடாரம் போடுவதானால் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிப் போட வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் தீ மூட்டக் கூடாது. நடப்பவருக்கும் நிலக்காரருக்கும் இடையில் சண்டை வராமல் காப்பது நல்ல மனது அல்ல, இந்த அளவுகள்தான்.

உச்சியை அடைந்த குடும்பத்தினர் காற்றுக்கு ஒதுங்கிய பாறை ஒன்றைத் தேடி உட்காருவார்கள். ஈரம் ஏறாமலிருக்க ஆளுக்கொரு சின்ன நுரைப் பாய். டப்பாவைத் திறந்தால் ரொட்டித் துண்டுகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவே மெழுகுத்தாள், மேலே திரட்டுப்பால் போல லேசாகத் தித்திக்கும் பழுப்புச் சீஸ். பிறகு க்விக் லுன்ஷ் சாக்லேட். 1937 முதல் விற்பனையில் இருக்கும் அதன் உறையின் உட்புறத்தில் மலைப் பாதுகாப்பு விதிகளை அச்சிடுவது வழக்கம். 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் இறந்தபோது, மலைநடைச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் இந்த விதிகளை நாடு முழுக்கக் கொண்டுபோயின. உரிய நேரத்தில் திரும்பிவிடுங்கள், திரும்புவதில் வெட்கமில்லை என்பதும் அவற்றில் ஒன்று.

உச்சிகளை எண்ணும் மோகம் இந்த விதியோடுதான் மோதுகிறது. ஏழில் ஏழு என்று இலக்கு வைத்தவருக்கு ஐந்தாவதில் மேகம் இறங்கினாலும் திரும்ப மனம் வராது. பெர்கனில் ஆண்டுக்கு இருநூறு நாளுக்கு மேல் மழை, மேகம் இறங்கவே செய்யும். அங்குள்ள மலைநடைச் சங்கம் ஏழுமலை நடையன்றே நான்குமலை நடையையும் வைத்திருப்பது அந்த வகையில் புத்திசாலித்தனம். குழந்தையோடு போகிறவர்கள் அந்த நான்கையும் வேத வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவது மலையில் பிள்ளை சிணுங்கினால் சாக்லேட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம்.