மகளிர் கூடைப்பந்து: வீராங்கனைகள் உண்டு, ரசிகர்கள் எங்கே?

புது தில்லி: நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களின் செயற்குழுவில் குறைந்தது 4 பெண்கள் இடம்பெற வழி செய்துள்ளது. ஆனால், களத்தில் ஆடும் பெண்களைக் காண மக்கள் வருவார்களா என்பது தனிக் கேள்வி. மகளிர் கூடைப்பந்தின் நிலை இதற்குச் சான்று.

இந்த ஆட்டத்தில் திறமைக்குக் குறைவில்லை. பெங்களூரில் 2017-ல் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில், கஜகஸ்தானை இறுதி ஆட்டத்தில் வென்று இந்தியா பட்டம் பெற்றது. தெற்கு ரயில்வே வீராங்கனை கீது அன்னா ஜோஸ், அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்கு 2011-ல் அழைக்கப்பட்டார். இவ்வாய்ப்பைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

ஆயினும் ரசிகர் கூட்டம் உருவாகவில்லை. ரயில்வே, கேரள மின் வாரியம் போன்ற அரசு நிறுவனங்கள் தரும் வேலைதான் வீராங்கனைகளுக்குப் பெரும் ஆதாரம். வாழ்க்கைக்கு அது பாதுகாப்பு. ஆனால், அந்நிறுவனங்களுக்குத் தேவை பதக்கம். டிக்கெட் விற்க வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை. ரயில்வே அணியை எந்த ஊர் மக்கள் தங்கள் அணி என்று கொண்டாடுவார்கள்?

"பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?" என்ற கேள்வி கிரிக்கெட்டிலும் எழுந்ததுதான். லார்ட்ஸ் மைதானத்தில் 2017 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 9 ரன்களில் இந்தியா தோற்றபின் ஆர்வம் பெருகியது. எனினும் மகளிர் பிரீமியர் லீக் 2023-ல்தான் தொடங்கியது. முதல் பந்து வீசப்படும் முன்பே, 5 ஆண்டு ஒளிபரப்பு உரிமை ரூ. 951 கோடிக்கு விலைபோனது. முதல் ஆண்டில் பெண்களுக்கு அனுமதி இலவசம். 2025 நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் இந்திய மகளிர் உலகக் கோப்பையை வென்றனர்.

கிரிக்கெட் வாரியத்தின் செல்வம் கூடைப்பந்துக்கு இல்லை என்பது உண்மையே. ஆனால், பணபலம் மிக்க என்.பி.ஏ.வின் ஆதரவோடு 1997-ல் தொடங்கிய டபிள்யூ.என்.பி.ஏ.வும் உடனே வெற்றி பெறவில்லை. 2024-ல் கெய்ட்லின் கிளார்க் வந்தபோதுதான் அரங்குகள் நிரம்பி வழிந்தன. அவரை வரவேற்க, 27 ஆண்டுகளாகத் தடையின்றி நடந்துவந்த ஒரு போட்டி அங்கே இருந்தது.

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களைப் பிரசார் பாரதியுடன் பகிர 2007-ம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது. ஏற்கெனவே ஒளிபரப்பாகும் ஆட்டத்துக்கே அது உதவும். தேசிய சாம்பியன் போட்டியைத் தூர்தர்ஷனே படம்பிடித்து ஒளிபரப்புவதும், நகரங்களின் பெயரில் அணிகள் அமைத்து வாரந்தோறும் ஆட்டங்கள் நடத்துவதும் அரசும் சம்மேளனமும் சேர்ந்து செய்யக் கூடியவை. அதைச் செய்யாதவரை, ரசிகர்கள் வரவில்லை என்று குறைகூறுவதில் நியாயமில்லை.