கோயில் கதவுக்கு எந்தப் பூட்டு? வாங்குறதுக்கு முன்னாடி யோசிப்போம்



தைப்பூசம் முடிஞ்சு சாமான்களைக் கணக்கெடுக்கும்போது பல கோயில்கள்ல வர்ற கேள்வி: "சாவி யார் யார்கிட்ட இருக்கு?" எத்தனை நகல் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஒரு குத்துவிளக்கு காணோம்னா சாவி வச்சிருந்த எல்லார் மேலயும் சந்தேகம். பல வருஷம் சேவை செஞ்ச அக்காவும் அந்தப் பார்வைக்குத் தப்ப முடியாது.

அதனால எலக்ட்ரானிக் பூட்டு வேணும்னு சொல்றவங்க பக்கம்தான் நானும். ஆனா "முகம் பார்த்துத் திறக்குற மெஷினை எல்லாக் கதவுக்கும் போட்டுடுவோம்"ங்கிறதை நான் ஏத்துக்கலை. ஒவ்வொரு கதவுக்கும் தேவை வேற.

பின் நம்பர்: மலிவு. ஆனா எல்லாருக்கும் ஒரே நம்பர்னா ஒரு வாரத்துல ஊருக்கே தெரிஞ்சிடும், யார் திறந்தாங்கன்னும் தெரியாது. நாற்காலி, துடைப்பம் வைக்குற அறைக்குப் போதும். விழாவுக்கு விழா நம்பரை மாத்திடணும்.

கைரேகை: மடைப்பள்ளியில தேங்காய் துருவி, விளக்குக்கு எண்ணெய் ஊத்துற கை நம்ம கை. ஈரமும் எண்ணெயும் இருந்தா ரேகை சரியாப் பதியாது. வயசானவங்களுக்கு ரேகையே தேஞ்சிருக்கும்.

முகம்: மலிவான சில மெஷின்களை ஒரு போட்டோவைக் காட்டியே ஏமாத்தலாம். அதைவிட முக்கியம், கார்டு தொலைஞ்சா ரத்து செஞ்சு வேற கார்டு கொடுக்கலாம். முகமும் கைரேகையும் திருடு போனா மாத்த முடியுமா? அதைப் பாதுகாக்குற சுமை நம்ம கமிட்டிக்கு எதுக்கு?

கார்டு: என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா இதுலயும் ரகம் இருக்கு. 125 கிலோஹெர்ட்ஸ் சாதாரணக் கார்டைச் சில நிமிஷத்துல நகல் எடுத்துடலாம். பழைய மைஃபேர் கிளாசிக் கார்டோட ரகசியக் குறிமுறையையும் 2008லயே ஆராய்ச்சியாளர்கள் உடைச்சுட்டாங்க. மைஃபேர் டெஸ்ஃபயர் மாதிரி, ஏஇஎஸ் குறியாக்கம் உள்ள கார்டைக் கேட்டு வாங்கணும். ரீடரும் அந்தக் குறியாக்கத்தைச் சோதிக்கணும். வரிசை எண்ணை மட்டும் படிச்சா நல்ல கார்டுக்குக் கொடுத்த காசும் வீண்தான்.

அடுத்து, கதவைப் பிடிச்சிருக்குற பூட்டு. காந்தப் பூட்டு கரண்ட் இருக்குற வரைக்கும்தான் பிடிக்கும். 600 பவுண்டு வகைன்னா ஏறக்குறைய 270 கிலோ பலம். கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்தா கதவு திறந்துக்கும். தீ எச்சரிக்கை மணி அடிச்சாலும் திறக்குற மாதிரிதான் இணைக்கணும். மண்டபத்துக்கு அதுதான் சரி. ஆபத்து நேரத்துல கார்டு தேடாம ஜனங்க வெளியேறணும்.

அதையே நகை அறைக்குப் போட்டா? ஹோமப் புகையில மணி அடிச்சா சாமி நகை இருக்குற அறையும் திறந்துக்கும். அங்கே, கரண்ட் இல்லாட்டியும் வெளிப்பக்கம் பூட்டியே இருக்குற வகைதான் வேணும். உள்ளே இருக்குறவர் கைப்பிடியைத் திருப்பி வெளியே வரவும் முடியணும். கூடவே ரெண்டு பேர்கிட்ட ரெண்டு தனித்தனிச் சாவி. கருவறையை விட்டுடுவோம், அது குருக்கள் கையில இருக்குற சாவியோட இருக்கட்டும்.

"கோயில்ல போய் கார்டா? நம்பிக்கை இல்லையா?"ன்னு சிலர் கேப்பாங்க. நம்பிக்கை இருக்குறதாலதான் கேக்குறேன். ஒருத்தருக்கு ஒரு கார்டுன்னு இருந்தா எந்தக் கார்டு எத்தனை மணிக்குத் திறந்துச்சுன்னு பதிவு இருக்கும். சேவைக்கு வந்த யாரும் வாய்ப்பேச்சால கெட்ட பேர் வாங்கிப் போக வேண்டாம். ஆனா அந்தப் பதிவை ரெண்டு பொறுப்பாளர்கள் மட்டும், அதுவும் தேவைப்பட்டாத்தான் பார்க்கணும். கார்டை இரவல் கொடுக்கவும் கூடாது.

அடுத்த கூட்டத்துல கொட்டேஷன் வந்தா விலையை மட்டும் பார்க்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க: இந்தக் கார்டை நகல் எடுக்க முடியுமா? கரண்ட் போனா எந்தக் கதவு திறக்கும், எது பூட்டியிருக்கும்? ஒருத்தர் பொறுப்பை விட்டா அன்னைக்கே அவர் கார்டை நாமளே ரத்து செய்ய முடியுமா? மூணுக்கும் தெளிவான பதில் வராட்டி கையெழுத்துப் போட வேண்டாம். அது பக்தர்கள் கொடுத்த பணம்.

ஓம் நமசிவாய.