பழுது எங்கே?



குத்துக்கல்வலசைக்கு அணித்தான மத்தளம்பாறையிலேயே மென்பொருள் உருவாகும் காலம் இது. நேற்றுவரை ஓடிய மென்பொருள் இன்று திடுமென நின்றுவிட்டால் அதனை அழித்துவிட வேண்டா. நேற்று எது புதுப்பிக்கப்பட்டது என்று முதலில் நோக்குக. பல மென்பொருள்களும் பொதுவில் நம்பியிருக்கும் நிரல்தொகுப்பு மாறியிருக்கலாம்.

2010-இல் லினக்சில் இத்தகையதொன்று நிகழ்ந்தது. நினைவகத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளை 'மெம்கோப்பி' கொண்டு நகலெடுத்தல் ஆகாது என்பது விதி. பிளாஷ் மென்பொருள் அதனை மீறியும், பழைய தொகுப்பில் பழுதின்றி இயங்கிற்று. புதிய தொகுப்பு நகலெடுக்கும் திசையை மாற்றவே, ஒலி சிதைந்தது. மறைந்திருந்த பிழை வெளிப்பட்டது.

விதியை மீறியது பிளாஷே. ஆயினும் அல்லலுற்றோர் பயன்படுத்துவோர் அன்றோ? ஆதலின் 2011-இல் தொகுப்பாளர், பழைய மென்பொருள்களுக்கெனத் தீங்கற்ற வழியொன்றைத் தனியே வைத்தனர். அடித்தளத்தை மாற்றுவோர், மேலே குடியிருப்போரையும் எண்ணுதல் கடன்.