வேட்டைக் களத்தில் பிறந்த ஓவியங்கள்

மொகலாயப் பேரரசர்கள் என்றவுடன் நம் இல்லத்துப் பிள்ளைகளின் நினைவுக்கு வருபவை தாஜ்மஹாலும் செங்கோட்டையுமே. கல்லில் அவர்கள் எழுப்பியவற்றை உலகம் அறியும். காகிதத்தில் அவர்கள் விட்டுச் சென்றவற்றை அறிந்தோர் சிலரே. அவற்றுள்ளும் பறவைகளையும் விலங்குகளையும் தீட்டிய சில ஓவியங்கள் வரலாற்று ஆசிரியர்களுக்கு மட்டுமன்றி, உயிரியல் அறிஞர்களுக்கும் இன்றுவரை பயன்பட்டு வருகின்றன. அந்த ஓவியங்கள் பிறந்த இடம் வேட்டைக் களம் என்பதுதான் வியப்பு.

1605 முதல் 1627 வரை ஆட்சி புரிந்த ஜஹாங்கீர், வேட்டையில் தணியாத வேட்கை கொண்டவர். தம் நாட்குறிப்பான 'ஜஹாங்கீர் நாமா'வில் அவரே ஒரு கணக்கைப் பதிந்து வைத்திருக்கிறார். பன்னிரண்டாம் வயது தொடங்கி, சந்திரக் கணக்கின்படி ஐம்பது வயது வரை அவர் முன்னிலையில் வேட்டையாடப்பட்ட உயிர்கள் 28,532. அவற்றுள் அவர் தம் கையாலேயே வீழ்த்தியவை 17,167. நாற்கால் விலங்குகள் 3,203, பறவைகள் 13,964. வேட்டைக்கென இருந்த எழுத்தர்கள் ஒன்று விடாமல் குறித்து வந்ததால் கிடைத்த கணக்கு இது. இதைப் படிக்கும்போது நம் உள்ளம் நடுங்குகிறது. ஆயினும், கொன்றதை இவ்வளவு நுட்பமாக எண்ணிய அதே மனிதர், கண்டதையும் அவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்தார் என்பதே நாம் இங்கு கருத வேண்டியது.

1612ஆம் ஆண்டு, அரசரின் ஆணைப்படி கோவாவுக்குச் சென்ற முகர்ரப் கான், அங்கிருந்த போர்த்துகீசியரிடமிருந்து அரிய பொருள்கள் பலவற்றை வாங்கி வந்தார். அவற்றோடு இந்நாட்டவர் அதுவரை கண்டிராத சில உயிரினங்களும் வந்தன. அவற்றுள் ஒன்று, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த வான்கோழி. அதன் தலையும் கழுத்தும் ஒரு நேரம் பவளமாய்ச் சிவப்பதையும், மறு நேரம் பஞ்சாய் வெளுப்பதையும், பச்சோந்தியைப் போல் நிறம் மாறுவதையும் ஜஹாங்கீர் வியந்து எழுதினார். கூடவே ஒரு கருத்தையும் சேர்த்தார். பாட்டனாரின் தந்தையான பாபர், பல உயிரினங்களின் வடிவத்தைத் தம் நூலில் விவரித்திருந்தும், அவற்றை வரையுமாறு ஓவியர்களைப் பணித்ததில்லை. கேட்பதனால் உண்டாகும் வியப்பு காண்பதனால் பெருகும் என்பதால் தாம் வரையச் செய்ததாகக் கூறுகிறார். அந்த வான்கோழியின் ஓவியம் இன்று லண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதைத் தீட்டியவர் உஸ்தாத் மன்ஸூர். அக்பரின் காலத்தில் 'பாபர் நாமா'வுக்குப் படங்கள் வரைந்த குழுவிலேயே பணியாற்றிய இவருக்கு, ஜஹாங்கீர் 'நாதிருல் அஸ்ர்', அதாவது 'காலத்தின் அரியவர்' என்னும் பட்டத்தை வழங்கினார். அரசர் வேட்டைக்குச் சென்றாலும், காஷ்மீரத்துக்குப் பயணமானாலும் ஓவியர்களும் உடன் செல்வர். வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய காகிதம், அணில் வால் மயிரால் கட்டிய மெல்லிய தூரிகை, கனிமங்களை அரைத்தெடுத்த வண்ணம் ஆகியவையே அவர்களின் கருவிகள். மன்ஸூரின் சிறந்த ஓவியங்கள் பலவற்றில் பின்னணி என்று பெரிதாக எதுவும் இராது. வெறுமையான தளத்தில் அந்த உயிர் மட்டும் நிற்கும். இறகின் ஒவ்வொரு இழையும், காலின் ஒவ்வொரு செதிலும் தெரியும்.

அரசரும் ஓவியரும் எவ்வாறு இணைந்து பணியாற்றினர் என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைக் கூறலாம்.

ஈரானிய மன்னர் ஷாஹ் அப்பாஸ் அனுப்பி வைத்த ஓர் அரிய வேட்டை வல்லூறு, வழியில் பூனையொன்றால் கடியுண்டு, அரசவைக்கு வந்த சில நாள்களில் இறந்தது. சிறகிலும் முதுகிலும் படர்ந்திருந்த அதன் கரிய புள்ளிகளின் அழகில் மனத்தைப் பறிகொடுத்த ஜஹாங்கீர், அதன் உருவத்தை வரைந்து பாதுகாக்குமாறு மன்ஸூரைப் பணித்தார். வேட்டைக்கென வந்த பறவை ஓவியமாக நிலைத்தது.

1620இல் காஷ்மீரத்து ஓடையொன்றில் சிறு பறவை ஒன்று நீருக்குள் மூழ்கி, நெடுநேரம் கழித்து வேறோர் இடத்தில் எழுவதை அரசர் கண்டார். வாத்தைப் போல் அதன் விரல்களுக்கிடையே தோல் உண்டா, அல்லது நிலத்துப் பறவைகளைப் போல் விரல்கள் தனித்தனியே உள்ளனவா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. பிடித்து வரச் செய்து, தாமே கால்களைப் பார்த்தார். தோல் இல்லை. உடனே அதையும் வரையுமாறு மன்ஸூருக்கு ஆணையிட்டார். அதே பயணத்தில் மன்ஸூர் தீட்டிய காஷ்மீரத்து மலர்கள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை என அரசர் எழுதுகிறார்.

மூன்றாவது, 1621இல் அபிசீனியாவிலிருந்து வந்த வரிக்குதிரை. கறுப்பும் வெள்ளையுமான அந்த வரிகளை யாரோ சாயம் பூசித் தீட்டியிருக்க வேண்டும் என்றே அவையினர் ஐயுற்றனர். நன்கு ஆராய்ந்து பார்த்த பின்னரே, அந்த வண்ணத்தைத் தீட்டியவன் படைத்த இறைவனே என்பது உறுதியாயிற்று. மன்ஸூர் அதை வரைந்தார். இன்னார் கொண்டு வந்தது, இன்னார் வரைந்தது, ஹிஜ்ரி 1030 என்று ஜஹாங்கீர் தம் கைப்பட ஓவியத்தின் ஓரத்தில் எழுதினார். பின்னர் அந்த விலங்கு ஷாஹ் அப்பாஸுக்குப் பரிசாக அனுப்பப்பட்டது.

ஐயுறுதல், ஆராய்தல், எழுதுதல், வரைதல் என்ற இந்த ஒழுங்கே அந்த ஓவியங்களை வெறும் அலங்காரத்தினின்று உயர்த்தியது.

கொல்லாமலே நோக்கும் பொறுமையும் அவரிடம் இருந்தது. லைலா, மஜ்னூன் எனப் பெயரிட்டு அவர் வளர்த்த சாரஸ் கொக்கு இணை முட்டையிட்டபோது, அவற்றின் ஒவ்வோர் அசைவையும் குறித்து வந்தார். இரவு முழுவதும் பெண் பறவை அடைகாக்க, ஆண் அருகில் காவல் நிற்கும். விடிந்ததும் ஆண் வந்து தன் அலகால் பெண்ணின் முதுகை வருடும். அது எழுந்து செல்ல, ஆண் அடையில் அமரும். இந்தக் குறிப்பு நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. 1607இல் காபூல் செல்லும் வழியில் ஹஸன் அப்தாலில் தங்கியபோது, தம் கையால் வலை வீசிப் பிடித்த பன்னிரண்டு மீன்களின் மூக்கில் முத்துகளைக் கோத்து, மீண்டும் நீரிலேயே விட்டார் என்பதும் அவர் எழுதிய செய்தியே. லாகூருக்கு அருகே ஷேக்குபுராவில் அவர் பிரியமாய் வளர்த்த மான் இறந்தபோது, அதன் நினைவாகக் கோபுரம் எழுப்பி, அவ்வட்டாரத்தில் எவரும் மான் வேட்டையாடக் கூடாதெனத் தடை விதித்தார். 'ஹிரண் மினார்' என அது இன்றும் நிற்கிறது.

ஐம்பது வயதைக் கடந்தபின் எவ்வுயிரையும் தம் கையால் வருத்துவதில்லை என இறைவனிடம் அவர் நேர்ந்துகொண்டதும் உண்டு. பேரர் ஷாஹ் ஷுஜா கடும் நோயுற்றபோது, அக்குழந்தையின் உயிர் வேண்டி அந்த நேர்ச்சையை மேற்கொண்டார். எனினும் பிற்காலத்தில் மீண்டும் துப்பாக்கி ஏந்தினார். மனிதர் ஒருவரின் கையும் கண்ணும் வெவ்வேறு வழிகளில் செல்வதை ஜஹாங்கீரின் வாழ்வு போல் வெளிப்படையாகக் காட்டுவது அரிது.

உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே பேசப்படும் கருத்துகளை வாசகர்கள் அறிவர். அவ்விவாதம் ஈண்டு நம் நோக்கமன்று. அந்த ஓவியங்கள் இன்று நமக்கு எதற்குச் சான்றாக நிற்கின்றன என்பதே நம் கேள்வி.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ள ஓர் ஓவியத்தைக் காண்போம். மன்ஸூர் வரைந்தது எனக் கருதப்படும் அதில், மற்றப் பறவைகளுக்கு நடுவே நிற்பது டோடோ. மொரீஷியஸ் தீவில் மட்டுமே வாழ்ந்த, பறக்க இயலாத அப்பறவை, மனிதர் அத்தீவில் குடியேறிய நூறாண்டுகளுக்குள் அடியோடு அழிந்தது. சூரத் துறைமுகத்தில் இரண்டு டோடோக்களைக் கண்டதாகப் பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலப் பயணி எழுதியிருக்கிறார். எனவே உயிருள்ள பறவையைப் பார்த்தே அந்த ஓவியம் வரையப்பட்டது என அறிஞர்கள் கருதுகின்றனர். டோடோவின் நிறத்தையும் தோற்றத்தையும் அறிய உலகில் எஞ்சியுள்ள மிகச் சில சான்றுகளில் அதுவும் ஒன்று.

கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் மன்ஸூரின் சைபீரியக் கொக்கு இருக்கிறது. மேனாட்டு அறிவியலார் 1773இல் அப்பறவைக்குப் பெயர் சூட்டுவதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மன்ஸூரின் தூரிகை அதைப் பதிந்துவிட்டது. ஆண்டுதோறும் வடதிசைப் பனிநிலத்திலிருந்து ராஜஸ்தானின் பரத்பூருக்கு வந்து கொண்டிருந்த அக்கொக்குகள், 2002ஆம் ஆண்டுக்குப் பின் அங்கு வரவில்லை. அவர் தீட்டிய வங்காள வரகுக்கோழியும் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. பறவை போய்விட்டது, காகிதம் இருக்கிறது. இதில் பெருமை கொள்வதா, துயர் கொள்வதா?

பேரரசரின் இந்த மரபு அவரோடு முடிந்துவிடவில்லை. பம்பாயில் நம் சமுதாயக் குடும்பம் ஒன்றில் 1896இல் பிறந்த சாலிம் அலி, சிறுவனாகக் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் இருந்த மஞ்சள் நிறம் அவரைத் திகைக்க வைத்தது. 'இது என்ன பறவை?' என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறிய அச்சிறுவரே, பின்னாளில் இந்தியப் பறவையியலின் தலைமகனாக விளங்கினார். மொகலாய மன்னர்களின் இயற்கை ஆர்வம் பற்றி அவரே ஆராய்ந்து எழுதியும் இருக்கிறார். பரத்பூர் சதுப்பு நிலம் பறவைகளின் புகலிடமாகக் காக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. சுட்ட கை, காக்கும் கையாக மாறியதற்கு அந்த ஒரு கேள்வியே வித்து.

நம் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியும் தேவையில்லை. அரசவை ஓவியரும் தேவையில்லை. தாய்மார்கள் ஒரு சிறு குறிப்பேட்டை வாங்கிக் கொடுத்து, முற்றத்துக்கு வரும் தவிட்டுக் குருவியையும், மதில்மேல் அமரும் மீன்கொத்தியையும் பற்றி எழுதச் சொல்லட்டும். என்று வந்தது, எதைத் தின்றது, எங்கே கூடு கட்டியது, சென்ற ஆண்டு எத்தனை, இவ்வாண்டு எத்தனை என்று எழுதினால் போதும். எண்ணிக்கை குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேட்கும் தலைமுறை அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் உருவாகும். எண்ணத் தவறியவர்களுக்கு இழந்தது எது என்பதே தெரியாமல் போய்விடும்.